மார்க்கா, சொந்தக்காரரா? பெரிய லா ஃபர்மில் வேலை தேடும் மலைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோத்தகிரிப் பக்கம். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் அசோசியேட்டாக (சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வக்கீலாக) இருந்துவிட்டு இப்போது ஊட்டி, குன்னூர் கோர்ட்டுகளில் பிராக்டிஸ் பண்ணுகிறேன். சட்டம் படிக்கிற, படிக்க நினைக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா, நேராகச் சொல்லுங்கள். மார்க் முக்கியமா, ஆள் முக்கியமா?

இரண்டும் முக்கியம், ஆனால் வேறு வேறு கட்டத்தில். மார்க் உன்னை ஷார்ட்லிஸ்ட்டில் சேர்க்கும். ஆள் இருந்தால் இன்டர்ன்ஷிப் சுலபமாகக் கிடைக்கும். பெரிய நிறுவனங்களில் வேலை பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்பிலிருந்துதான் வருகிறது என்பதால், ஆள் இருப்பவருக்குக் கிடைக்கும் லாபம் வெளியே தெரியாமல் முன்னாடியே வேலை செய்துவிடுகிறது. ஐந்தாம் வருஷத்தில் யாரோ ஒரு மாமா போன் போட்டு வேலை வாங்கித் தருவதில்லை. இரண்டாம் வருஷத்திலேயே அந்த மாமா பிள்ளையை ஒரு ஆபீஸில் உட்கார வைத்துவிடுகிறார், நான்காம் வருஷம் வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு மூன்று நல்ல ஆபீஸ் பெயர் பயோடேட்டாவில் ஏறிவிடுகிறது, அதே மார்க் வைத்திருக்கிற எடக்காட்டுப் பெண்ணின் பயோடேட்டாவில் அந்த இடம் காலியாக இருக்கிறது. இன்டர்வியூ எடுப்பவருக்கு இந்தப் பின்கதை தெரியாது. ஒருத்தர் ஆர்வமாக இருந்திருக்கிறார், இன்னொருத்தர் சும்மா இருந்திருக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும். எனக்குப் பெரிய கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்படியென்றால் எவ்வளவு மார்க் வேண்டும்?

ஒரே எண் கிடையாது. சில கல்லூரியில் சி.ஜி.பி.ஏ. 10-க்கு, சில இடத்தில் 7-க்கு, நம் அரசுக் கல்லூரிகளில் பல்கலைக்கழகத் தேர்வு மார்க்தான். அதனால் நிறுவனங்கள் எண்ணைவிட வகுப்பில் நீ எத்தனாவது இடம் என்பதைப் பார்க்கின்றன. முதல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கேள்வியே இல்லை, முதல் கால் பங்குக்குள் இருந்தால் மற்றது நன்றாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் இன்டர்ன்ஷிப்பில் உன் வேலையைப் பார்த்த ஒருவர் உனக்காகப் பேச வேண்டியிருக்கும். இது நான் பார்த்து வைத்திருக்கிற கணக்கு, எங்கும் எழுதி ஒட்டியிருக்கிற விதி இல்லை.

முதல் இரண்டு வருஷத்து மார்க்கைக் கோட்டை விடாதே. பல பிள்ளைகள் "முதல் வருஷம் பொலிட்டிகல் சயின்ஸ், எகனாமிக்ஸ்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறார்கள். ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கு மனுப் போடும்போது கையில் இருப்பது அந்த மார்க் மட்டும்தான். வேலைக்கான தேர்வு நான்காம் வருஷ முடிவிலோ ஐந்தாம் வருஷத் தொடக்கத்திலோ நடந்துவிடுகிறது, அதற்கு மேல் வாங்குகிற மார்க் யார் கண்ணிலும் படாது.

அரியர் இருந்தால்? உடனே எழுதி முடி. "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" என்று ஒரு கட்டம் சில விண்ணப்பங்களில் இருக்கும், பொய் எழுதாதே. ஒரு அரியர் யாரையும் கொல்லாது, பொய் பிடிபட்டால் ஆஃபர் போய்விடும்.

சொந்தக்காரர் இருந்தால் உண்மையில் என்னதான் நடக்கிறது?

மூன்று வகையாக நடக்கிறது, மூன்றும் ஒன்றில்லை.

சொந்தக்காரர் வக்கீலாகவோ நீதித்துறையிலோ இருந்தால் பிள்ளைக்குத் தகவல் கிடைக்கிறது. எந்த ஆபீஸுக்கு எப்போது மனு அனுப்ப வேண்டும், எந்த பார்ட்னர் (நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் வக்கீல்) இன்டர்னுக்கு உண்மையான வேலை கொடுப்பார், பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுகிறது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் இதன் மதிப்பு மிகப் பெரியது. இந்தப் பக்கத்தை எழுதுவதே இந்தத் தகவலையாவது சமமாக்கலாம் என்றுதான்.

இரண்டாவது, சொந்தக்காரர் அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர், அதாவது கிளையன்ட். ஒரு கம்பெனி முதலாளி தன் மகளை ஒரு மாதம் உட்கார வைக்கச் சொன்னால், வருஷம் முழுக்க ஃபீஸ் வாங்குகிற நிறுவனம் மறுக்காது. நான் இருந்த ஆபீஸில் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் குழுவுக்கு வந்த இன்டர்ன்கள் எல்லோருமே கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாகவோ அவர்களுக்கு வேண்டியவர்களாகவோ இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், சிலர் நன்றாகவே வேலை செய்தார்கள். ஆனால் அந்த மாதம் மெயிலில் மனுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு "இடமில்லை" என்று பதில் போனது.

மூன்றாவது, நிறுவனமே குடும்பத்துடையது. அங்கே பார்ட்னர் மகன் பார்ட்னர் ஆவதைப் பற்றி நாம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனி: அந்த இடத்துக்கு நீ போட்டி போடவில்லை. நீ போட்டி போடுவது அசோசியேட் இடத்துக்கு. ராத்திரி பத்து மணிக்கு ஷேர் பர்ச்சேஸ் அக்ரிமென்ட்டைத் தப்பில்லாமல் திருத்தித் தரக்கூடிய ஆட்கள் அவர்களுக்கு நிறையத் தேவை. அத்தனை இடத்தையும் நிரப்ப எந்தக் குடும்பத்திலும் அவ்வளவு பிள்ளைகள் கிடையாது.

ஏன் இந்தத் தொழிலில் மட்டும் குடும்பம் இவ்வளவு பெரிசாக இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 36-ன்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, வேலை கேட்டு யாரையும் அணுகக் கூடாது. 2008-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வெப்சைட்டில் பெயர், முகவரி, படிப்பு, எந்தத் துறை என்று சில விவரங்கள் போடலாம், அவ்வளவுதான். விளம்பரம் இல்லாத தொழிலில் கட்சிக்காரர் எப்படி வருவார்? தெரிந்தவர் சொல்லித்தான். அதனால் "நாலு பேரைத் தெரிந்த வீட்டுப் பிள்ளை" என்பது நிறுவனத்துக்கு வருங்கால வரும்படியாகத் தெரிகிறது.

இன்னொரு காரணம் பழைய சட்டம். 1956-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் பார்ட்னராக இருக்க முடியாது. இருப்பதே 20 நாற்காலி என்றால் அதில் அண்ணன், தம்பி, மகன், மருமகன் முதலில் உட்கார்வது இயல்பு. 2008-ல் எல்.எல்.பி. (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) சட்டம் வந்த பிறகும், 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம் தொழில்முறை நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்த பிறகும் அந்தக் கட்டு தளர்ந்தது. இன்று பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கும் மேல் பார்ட்னர்கள் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலோர் நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் கிடையாது.

1917-ல் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் 2015-ல் சிரில், ஷார்துல் என்ற சகோதரர்களுக்கு நடுவே பிரிந்து இரண்டு நிறுவனமானது, இரண்டுமே இன்று நாட்டின் முன்வரிசையில் இருக்கின்றன. ஏ.இசட்.பி. என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜியா மோடி, முன்னாள் அட்டர்னி ஜெனரல் சோலி சொராப்ஜியின் மகள். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் படித்து, நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவரும்கூட. குடும்பம் இருப்பவருக்கு உழைப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு போய் இன்டர்வியூவில் உட்காராதே, எதிரே இருப்பவர் இரண்டையும் வைத்திருக்கலாம்.

நீதிபதி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடையே இல்லையா?

இருக்கிறது. பார் கவுன்சில் விதி 6-ன்படி அப்பா, தாத்தா, மாமா, அண்ணன், மாமனார் போன்ற நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருக்கும் கோர்ட்டில் வக்கீல் ஆஜராகக் கூடாது. சட்ட ஆணையம் 2009-ல் கொடுத்த 230-ஆவது அறிக்கையிலேயே "அங்கிள் ஜட்ஜ்" பிரச்சினையை, அதாவது சொந்தக்காரர் வக்கீலாக இருக்கும் கோர்ட்டிலேயே ஒருவர் நீதிபதியாக இருப்பதைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆனால் கோர்ட்டில் ஆஜராகாத கார்ப்பரேட் வேலைக்கு இந்த விதி எதுவும் செய்யாது.

நேஷனல் லா யுனிவர்சிட்டி இல்லாமல் பெரிய நிறுவனத்துக்குப் போக முடியாதா? என் பையன் கோவை அரசு சட்டக் கல்லூரி.

முடியும் அண்ணா, ஆனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா போன்ற பழைய என்.எல்.யூ.க்களுக்கு நிறுவனங்கள் நேரே வந்து ஒரே நாளில் ஆட்களை எடுத்துக்கொண்டு போகின்றன, ஆரம்பச் சம்பளமே வருஷத்துக்கு 15 லட்சத்துக்கு மேல். திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கிற நம் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு மூலம்தான் போக வேண்டும். மருதமலை அடிவாரத்தில் இருக்கிற அரசுக் கல்லூரிக்கு அந்த வரிசை வருவதில்லை.

அங்கே படிக்கிற பிள்ளைக்கு வழி வேறு. படிக்கும்போதே சென்னையில் நடுத்தர நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப், முடித்ததும் அதில் இரண்டு மூன்று வருஷ வேலை, பிறகு லேட்டரலாக, அதாவது அனுபவத்தோடு, பெரிய இடத்துக்கு மாற்றம். லேட்டரலில் கல்லூரிப் பெயரைவிட "இதுவரை என்ன வேலை செய்தாய்" என்பதுதான் பேச்சு. நான் பார்த்தவரை அரசுக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் உள்ளே போனது பெரும்பாலும் இந்த வழியில்தான். வரிவிதிப்பு, தொழிலாளர் சட்டம், கம்பெனித் தீர்ப்பாய வழக்குகள் மாதிரியான வேலையில் கை பழகியிருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும்.

ஃபீஸைப் பொறுத்தவரை அரசுக் கல்லூரிக்கும் என்.எல்.யூ.க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையாக இருந்தால் 2021-ல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு, விசாரியுங்கள்.

நான் தமிழ் மீடியம். கிளாட் எழுதலாமா?

எழுது. தேர்வு முழுக்க ஆங்கிலம், 120 கேள்வி, 2 மணி நேரம், எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. அதனால் பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்தே தினமும் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கப் பக்கத்தை வாசி. வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுப் பயிற்சி கொடுக்க, மறைந்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய தேர்வை எழுதிப் பார்.

எனக்கு வக்கீல் யாரையுமே தெரியாது. இன்டர்ன்ஷிப் எப்படிக் கிடைக்கும்?

முதலில் விதி. ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரம், மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று 2008 சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. அதனால் நீ கேட்பது தர்மம் இல்லை, கூச்சப்படாதே.

முதல் வருஷம் ஊரிலேயே தொடங்கு. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரில் போய் மனுக் கொடு. குன்னூரிலோ கூடலூரிலோ ஒரு சீனியர் ஆபீஸில் ஒரு மாதம் கேஸ் கட்டு தூக்கு. வக்காலத்து எப்படி இருக்கும், வாய்தா எப்படி வாங்குகிறார்கள், டாக்குமென்ட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். இரண்டாம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வக்கீலிடம். மூன்றாம் வருஷத்திலிருந்து நிறுவனங்கள். மனுவை நான்கைந்து மாதம் முன்னாடியே அனுப்ப வேண்டும், கோடை விடுமுறைக்கு டிசம்பரிலேயே.

மெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பல பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்..." என்று ஐம்பது இடத்துக்கு ஒரே மெயில் போகும், யாரும் திறப்பதில்லை. ஆறு வரி போதும். சப்ஜெக்ட் வரியில் எந்த மாதம், எந்த வருஷ மாணவர் என்று போடு. முதல் வரியில் நீ யார், வகுப்பில் எத்தனாவது இடம். இரண்டாவது வரியில் ஏன் அந்தக் குறிப்பிட்ட பார்ட்னருக்கு எழுதுகிறாய் என்பது, அவர் நடத்திய ஒரு வழக்கையோ எழுதிய ஒரு கட்டுரையையோ உண்மையிலேயே படித்துவிட்டு எழுது. மூன்றாவதில் நீ செய்த ஒரு வேலை.

அந்த மூன்றாவது வரிக்குத்தான் நம் பிள்ளைகளிடம் சரக்கு இருக்கிறது, அது தெரியாமல் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை ஃபேக்டரிக்குப் போகிறதல்லவா? விற்ற தூளின் விலையில் விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்று பங்கு பிரிக்கும் முறை தேயிலை வாரியத்துடையது, அதன் பின்னால் 2003-ஆம் வருஷத் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. இலை கொடுக்கிற அன்றைக்கு விலை தெரியாது, பணம் பிறகு வரும். இது என்ன மாதிரி ஒப்பந்தம், விலை தகராறு வந்தால் எங்கே போவது என்று நான்கு பக்கம் எழுதினால் அது ஒரு அசல் ஆராய்ச்சி. பெங்களூருவில் பிறந்து வளர்ந்த பிள்ளை இதை எழுத முடியாது. கூடலூர்க்காரர் என்றால் இன்னும் பெரிய விஷயம் கையில் இருக்கிறது. நாடு முழுக்கக் காடு என்றால் என்ன என்று தீர்மானித்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, கூடலூர் ஜென்ம நிலத்தில் (பழைய ஜமீன் மாதிரியான பரம்பரை உரிமை நிலம்) மரம் வெட்டியதை எதிர்த்து 1995-ல் தொடங்கியது. 1996 டிசம்பர் 12 உத்தரவைப் படித்துவிட்டு, 1969-ஆம் வருஷ ஜென்மச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கியிருக்கும் நிலங்களைப் பற்றி எழுது. நிலம் வாங்குகிற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற எந்த பார்ட்னரும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்பார்களா?

கேட்பவர்கள் உண்டு. "சிறு தேயிலை விவசாயி" என்று நிமிர்ந்து சொல், அடுத்து அவர்களே கேள்வி கேட்பார்கள்.

சட்டக் கேள்விகள் பெரும்பாலும் அடிப்படைதான். இன்டெம்னிட்டிக்கும் கேரன்டிக்கும் என்ன வித்தியாசம் என்பது எப்போதும் வரும். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தில் 124, 126 பிரிவுகள். மனப்பாடம் செய்த வரியைச் சொன்னால் "உதாரணம் சொல்லுங்கள்" என்பார்கள், அங்கேதான் ஆள் தெரியும். உன் சித்தப்பா பேங்க்கில் வாங்கிய கடனுக்கு உன் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது கேரன்டி. பேங்க், சித்தப்பா, அப்பா என்று மூன்று தரப்பு, சித்தப்பா கட்டாவிட்டால்தான் அப்பா கட்ட வேண்டும். இன்டெம்னிட்டியில் இரண்டே தரப்பு, "உனக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன்" என்பது. இப்படித் தெளிவாக, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னால் போதும். உச்சரிப்புக்காக யாரும் மார்க் குறைப்பதை நான் பார்த்ததில்லை. பயோடேட்டாவில் போட்டிருக்கிற ஒவ்வொரு வரியையும் பற்றி ஐந்து நிமிஷம் பேச முடிய வேண்டும், முடியாததை எடுத்துவிடு.

எம்.எல்.ஏ. மூலமாகச் சொல்லச் சொல்லட்டுமா? ஒருத்தர் பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார், ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல் மாதிரிப் பெரிய போர்டிங் பள்ளியில் படித்த பிள்ளைகளோடு எப்படிப் போட்டி போடுவது?

அவர்களுக்கு ஆங்கிலமும் கூச்சமின்மையும் பத்து வயதிலேயே வந்துவிடும், பழைய மாணவர்கள் ஊர் ஊராக இருப்பார்கள். உனக்கும் அதற்கு ஈடாக ஒன்று இருக்கிறது: உன் கல்லூரி சீனியர்கள். எந்த நிறுவனத்தில் யார் இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இன்னில் தேடி, "அக்கா, அண்ணா" என்று எழுது. வேலை கேட்காதே, அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேள். பத்தில் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அந்த இரண்டு பேர் போதும்.

சென்னை, மும்பையில் தங்கிச் சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்ய எங்கே பணம்?

நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. சில நிறுவனங்கள் உதவித்தொகை கொடுக்கின்றன, அது மும்பையில் ஒரு மாத பி.ஜி. வாடகைக்கே பத்தாது. ஒரு தொடர் இன்டர்ன்ஷிப் நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் செலவைத் திட்டமிட முடியும். சென்னையில் உறவுக்காரர் வீடு இருந்தால் சென்னை நிறுவனங்களையே குறி வை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்கிற இடங்களையும் கேள், ஆனால் ஒரு முறையாவது நேரில் போய் உட்காராமல் ஆஃபர் வருவது கஷ்டம். வெளிப்படையாக அறிவிப்புப் போட்டு, தங்கும் செலவும் கொடுத்து இன்டர்ன்களை எடுக்க நிறுவனங்களுக்கு வசதி இருக்கிறது. அதை அவர்கள் செய்ய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அமெரிக்காவில் எல்.எல்.எம். (சட்டத்தில் முதுகலை) படித்தால் இந்தக் குறையெல்லாம் போய்விடுமா?

கடன் வாங்கிப் போகாதே. அங்கே பெரிய நிறுவனங்கள் எடுப்பது மூன்று வருஷ ஜே.டி. (அந்த ஊர் அடிப்படைச் சட்டப் பட்டம்) மாணவர்களை, அதுவும் முதல் வருஷ மார்க்கைப் பார்த்து. ஒரு வருஷ எல்.எல்.எம். முடித்தவர் நியூயார்க் பார் தேர்வு எழுதலாம், ஆனால் வேலைக்கு அது உத்தரவாதம் கிடையாது. முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் யோசிக்கலாம்.

பெரிய நிறுவனம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை போச்சா?

இல்லை தங்கச்சி. பவானி பக்கத்தில் காடப்பநல்லூர் என்ற கிராமத்து விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் படித்து, சென்னை அரசு சட்டக் கல்லூரியில் சட்டம் முடித்து, 1973-ல் வக்கீலாகப் பதிவு செய்த சதாசிவம் 2013-ல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார். கோர்ட் பக்கம் முதல் சில வருஷம் வருமானம் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. சேரும்போதே இதைக் கேட்டுப் பேசிக்கொள். அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125 என்று சொல்லிவிட்டது.

நான் மூன்றாம் வருஷம், ஒரு அரியர், ஒரு இன்டர்ன்ஷிப்கூட இல்லை. லேட்டாகிவிட்டதா?

இல்லை. அரியரை வரும் செமஸ்டரிலேயே முடி. இந்த விடுமுறைக்கு ஊட்டியிலோ கோவையிலோ ஒரு சீனியரிடம் சேர், அடுத்த விடுமுறைக்கு இன்றைக்கே சென்னைக்கு மனுப் போடத் தொடங்கு. தேயிலை விலை பற்றியோ உன் ஊர் நிலம் பற்றியோ அந்த நான்கு பக்கத்தை இந்த மாதத்துக்குள் எழுதி முடி. எழுதியதை எனக்கு அனுப்பு, நான் படித்துத் திருத்தித் தருகிறேன். கோர்ட் இருக்கிற நாளில் தாமதமாகும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வந்துவிடும்.